கையாலை எழுதின படத் தலைப்பு மட்டைகள்: அசலோ எண்டு பாக்கிறதும் மாரிக்குக் காக்கிறதும்

இரணைமடு:

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியிலை ஒரு வீட்டுத் தகரப்பெட்டிக்குள்ளை கிடந்த கட்டு ஒண்டு என்ரை கைக்கு வந்திருக்கு. அதுக்குள்ளை இருக்கிறது இவ்வளவும்:

கறுப்பு மட்டையிலை வெள்ளைப் போஸ்ரர் கலராலை எழுதின எழுத்துகள், அகலம் 12 அங்குலம், உயரம் 9 மட்டிலை. பெரும்பாலும் 50கள், 60களின்ரை இந்தியத் தமிழ்ப் படப் பேருகள். ரெண்டிலை சிவப்பும் மஞ்சளும் பூசியிருக்கு. கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச பிளாஸ்ரிக் தாள் கொஞ்சம், அதிலையும் எழுத்து. சிலது மஞ்சளடிச்சு நெளிஞ்சுபோய் வினாகிரி மாதிரி மணக்குது. தியேட்டர் கண்ணாடிச் சிலைட்டுகள், 3¼ அங்குலச் சதுரம், ஓரத்திலை கறுப்புக் கடதாசி ஒட்டினது. அதுகளை விட பாட்டுப் புத்தகங்கள், சிலது ஒண்டோடை ஒண்டு ஒட்டிப்போச்சு.

மட்டைகள் உண்மையிலை படத்தின்ரை தொடக்கத்திலை பேர் காட்டக் கமராவாலை பிடிச்சதோ, பிறகு ஆரும் பாத்து எழுதினதோ? ஏசி இல்லாத வீட்டிலை மாரி தொடங்க முன்னம் என்ன செய்ய வேணும்? கடையிலை கேட்டால் எல்லாத்தையும் லமினேட் பண்ணச் சொல்லுகினம். ஒழுங்கா ஒருக்கால் படம் எடுத்து வைக்கவும் விருப்பம்.

கனகராயன்:

தம்பி, மற்றக் கேள்வியளுக்கு முதல் அந்த மணக்கிற தாளுகளை இண்டைக்கே வேறை அறைக்கு மாத்துங்கோ. அது அசற்றேற்று எண்ட பழைய வகைப் பிளாஸ்ரிக். அழியத் தொடங்கினால் அசற்றிக்கமிலம் விடும், அந்த அமிலமே அழிவை இன்னும் விரைவாக்கும், பக்கத்திலை இருக்கிற நல்ல தாளையும் கடதாசியையும் பிடிக்கும். 21 பாகை சூடு, 50% ஈரப்பதன் எண்டால் புதுசா வாங்கின அசற்றேற்றிலை இந்த மணம் தொடங்க ஏறக்குறைய 40 வருசம் எண்டு கணக்கு. சூடு 5 பாகை கூடினால் அந்த வருசம் பாதியாகும். எங்கடை ஊர்ச் சூட்டுக்கு நீங்களே கணக்குப் பாருங்கோ.

இதுகளைப் பொலித்தீன் பையுக்குள்ளை போட்டு இறுக்கிக் கட்டாதேங்கோ, அமிலம் வெளியாலை போக வழி வேணும். காத்துப் போற மட்டைப் பெட்டி, வீட்டிலை ஆகக் குளிர்ச்சியான அறை, தகரக் கூரைக்குக் கீழை இல்லை. ஒவ்வொண்டுக்கும் இடையிலை சிலிக்கன் பூசின பேக்கிங் கடதாசி வையுங்கோ. கண்ணாடிக் கடதாசி எண்டு விக்கிற மொறுமொறுத்த தாளை வைச்சால் ஈரலிப்பிலை கலரோடை ஒட்டிப் பிடிக்கும்.

எல்லாத் தாளும் அசற்றேற்றாய் இருக்காது. லப்டொப்பிலை வெள்ளைத் திரை ஒண்டைத் திறந்து, போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடியாலை பாருங்கோ. திரை இருளுமட்டும் கண்ணாடியைத் திருப்பி, திரைக்கும் கண்ணாடிக்கும் இடையிலை தாளைப் பிடியுங்கோ. வானவில் நிறம் அடிச்சால் பொலியெஸ்ரர், அது உங்களுக்கு முன்னம் சாகாது. இருட்டாவே கிடந்தால் அசற்றேற்று எண்டு எடுங்கோ. மண்ணிறமாகிப் பிசுபிசுத்து, வினாகிரி இல்லாமல் வேறை ஒரு காரமான மணம் வந்தால், சுகமாத் தீப்பிடிக்கிற பழைய நைத்திரேற்றுப் பிளாஸ்ரிக்கோ எண்டு சந்தேகிக்க வேணும். அது தீப்பிடிச்சால் தண்ணிக்கும் அடங்காது. நெருப்பு வைச்சுச் சோதிக்கச் சொல்லி ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ.

லமினேட் கதையே வேண்டாம். அந்த மெசின் 100 பாகைக்கு மேலை சுடும். போஸ்ரர் கலர் பசையோடை சேந்து உரியும், அசற்றேற்று சுருளும், பிறகு பிரிச்செடுக்க வழியே இல்லை.

வெள்ளைத்திரை:

மட்டைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதலில் ஒரு கேள்வி: சென்னையில் எடுத்த படத்தின் தலைப்பு மட்டை வன்னிக்கு ஏன் வரவேண்டும்? இலங்கைக்கு வந்தவை படத்தின் பிரதிகள், சுவரொட்டிகள், பாட்டுப் புத்தகங்கள். தலைப்பு மட்டையைக் கமராவின் கீழே வைத்துப் பிடித்து முடித்தால் அது படப்பிடிப்புக் கூடத்திலேயே கிடந்து கழிந்துவிடும். ஆகவே இந்தியப் படப் பெயர் எழுதிய மட்டை இங்கே அகப்பட்டால், உள்ளூர் எழுத்தோவியர் ஒருவர் தியேட்டர் விளம்பரத்துக்கு எழுதியதென்றோ, பின்னாளில் வீடியோக் கசெட்டுக்கு எழுதியதென்றோதான் முதலில் எண்ண வேண்டும். அசல் என்பதை மட்டை நிரூபிக்கட்டும்.

எப்படி நிரூபிக்கும்? ஓடும் காட்சியின் மேல் எழுத்து வரவேண்டுமானால் ஒரே பிலிமில் இரண்டு தரம் ஒளி விழ வேண்டும். கறுப்புப் பகுதி பிலிமில் ஒன்றையும் பதியாது. வெள்ளை எழுத்து மட்டும் காட்சியை எரித்துக்கொண்டு நிற்கும். கறுப்பு சற்றுச் சாம்பலானாலும் காட்சி மங்கிவிடும். அதனால் கமராவுக்காக எழுதியவர் எழுத்தைச் சுற்றிக் கறுப்பைத் திரும்பத் திரும்பப் பூசியிருப்பார். எழுத்தின் விளிம்பைக்கூட வெள்ளையால் முடிக்காமல், கறுப்பால் உள்நோக்கி வெட்டித்தான் கூராக்கியிருப்பார். அறையை இருட்டாக்கி, ரோச்சை மட்டையின் ஓரத்தில் படுக்கவைத்து ஒளி பாய்ச்சுங்கள். வெள்ளையின் மேல் கறுப்பு ஏறிய மேடு தெரிய வேண்டும். அதோடு பென்சில் நடுக்கோடு, மூலைகளில் ஊசித் துளை அல்லது ஒரே ஒழுங்கான துளைகள், பின்புறம் வரிசை எண், எழுத்துக்கும் மட்டை விளிம்புக்கும் இடையே தாராளமான வெறும் இடம். 12 அங்குல அகலத்துக்கு 8¾ உயரம் என்பது அக்காலக் கமரா மேசைகளில் வழக்கமான சட்டகம், உங்கள் அளவு அதற்குக் கிட்ட இருக்கிறது. அளவு மட்டும் எதையும் உறுதிப்படுத்தாது.

பத்து மடங்கு பெருக்கும் வில்லையால் பாருங்கள். பூப்போல வட்டமாய்க் கூடிய புள்ளிகள் தெரிந்தால் ஓப்செற் அச்சு. சிதறிய மிக நுண்ணிய நிறத் துளிகள் என்றால் கணினிப் பிரிண்டர். தடிப்பு எங்கும் ஒரேயளவாய், விளிம்பு வலைக்கண் போலப் படிபடியாய் இருந்தால் திரை அச்சு. கையெழுத்தில் ஒரே சொல்லில் வரும் இரண்டு "க"கூட ஒன்றுபோல இராது. இதையே படத்தோடு ஒப்பிடவும் பயன்படுத்தலாம்: படத்தின் தொடக்கத்திலிருந்து அந்தச் சட்டகத்தை எடுத்து, மட்டையின் புகைப்படத்தை அதன் மேல் அரைவாசி தெளிவாகப் போட்டுப் பாருங்கள். அசலென்றால் பிசகுகளும் பொருந்தும். வீடியோவைப் பார்த்து எழுதியதில் வேறொரு பிழை வரும்: தொலைக்காட்சி சட்டகத்தின் ஓரங்களை வெட்டிவிடும் என்பதால், பார்த்து எழுதியவர் அந்த வெட்டையும் சேர்த்தே எழுதியிருப்பார், சுற்றிவர வெறும் இடம் போதாமல் இருக்கும்.

நிறம் பூசிய அந்த இரண்டையும் பற்றி: தமிழில் முதல் முழுநீள வண்ணப் படம் 1956இல் வந்த அலிபாபாவும் 40 திருடர்களும். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கறுப்பு வெள்ளையே பெரும்பான்மை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சிவப்பு மஞ்சளில் தலைப்பு எழுதிக் கமராவுக்குக் கொடுக்க எந்தத் தேவையும் இல்லை. சினிமாஸ்கோப் என்னும் அகலத்திரைக்கு ஏற்ற நீளத்தில் ஒரு மட்டை கிடைத்தால் அது 1973இன் ராஜராஜ சோழனுக்கு முந்திய தமிழ்ப் படத்தினது அல்ல.

புறவூதா ரோச், 365 நானோமீற்றர், கிடைத்தால் மட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். நீலவெள்ளையாய்ப் பளிச்சிட்டால் வெளுப்பூட்டி சேர்ந்த கடதாசி. அது 1950களுக்குப் பின்னரே பரவியது. 1940களின் மட்டை என்று விற்றால் அங்கேயே பொய் பிடிபடும். பளிச்சிடாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பாலைமரம்:

ஈரலிப்புக்கு வாறன். பூஞ்சணம் 65, 70% ஈரப்பதனுக்கு மேலை பிடிக்கும். மாரியிலை எங்கடை அறை அதுக்குக் கீழை இறங்காது, அதாலை அறையை விட்டிட்டுப் பெட்டியைப் பாப்பம். அடியிலை 5 எண்ட இலக்கமும் பிபி எண்டும் போட்ட, ரப்பர் விளிம்பு மூடி வைச்ச பிளாஸ்ரிக் பெட்டி ஒண்டு, 50, 60 லீற்றர். உள்ளுக்கை ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதன் மானி.

எல்லாரும் விடுற பிழை, ரெண்டு சின்னச் சிலிக்கா ஜெல் பை போட்டால் காணும் எண்டு நினைக்கிறது. 60 லீற்றர் காத்திலை இருக்கிற தண்ணி ரெண்டு கிராமும் வராது. தண்ணி இருக்கிறது கடதாசியுக்குள்ளை. 80% ஈரப்பதனிலை கிடந்த 5 கிலோ கடதாசி 50%க்கு வர ஏறக்குறைய 200 கிராம் தண்ணியை விடவேணும். காஞ்ச சிலிக்கா ஜெல் தன்ரை நிறையிலை காற்பங்கு மட்டிலை குடிக்கும். அப்ப அதுக்கு ஒரு கிலோ ஜெல் வேணும். அதைவிடக் காசில்லாத வழி, சோளகக் காத்து அடிக்கேக்கை கடதாசியைக் காயவிட்டு, ஆவணியிலை ஒரு வெயில் நாள் மத்தியானத்துக்குப் பிறகு பெட்டியை மூடுறது. விடியக்காலமை மூடாதேங்கோ, அந்த நேரம் கோடையிலையும் ஈரப்பதன் கூட. அப்பிடி மூடினால் மாரிக்கு 250, 300 கிராம் ஜெல் தாங்கும். மழை பெய்யிற நாளிலை திறக்கிறேல்லை.

ஜெல் செம்மஞ்சளிலை இருந்து பச்சைக்கு மாறுற வகையா வாங்குங்கோ. நீல வகையிலை கோபால்ற்று இருக்கு, நஞ்சு. நிறம் மாறினால் ஒவன் அடுப்பிலை 120 பாகையிலை ரெண்டு மூண்டு மணித்தியாலம், ஆறவிட்டுத்தான் திரும்பப் போடவேணும்.

காயவிடுறது எண்டால் நிழலிலை, காத்தோட்டத்திலை. வெயிலிலை விரிக்கக்கூடாது.

பெட்டிக்குள்ளை மட்டைகளை முகம் மேலை பாக்கப் படுக்கவையுங்கோ, சுருட்டவேண்டாம். ஒவ்வொண்டிலையும் நடுவிலை ஜன்னல் வெட்டின ஒரு தடிச்ச மட்டையைச் சட்டம் மாதிரி மேலை வைச்சால் எழுத்திலை ஒண்டும் முட்டாது. கொழும்பிலை அமிலமில்லாத மட்டை எடுப்பிக்கலாம். அது வருமட்டும் நல்ல போட்டோக்கொப்பிக் கடதாசி இடைத்தாளுக்குக் காணும், இப்ப வாறது பெரும்பாலும் சுண்ணாம்பு சேந்தது. பேப்பர் தாள் வேண்டாம். மெல்லிய பொலியெஸ்ரர் உறை பாட்டுப் புத்தகத்துக்கு நல்லது, போஸ்ரர் கலருக்குக் கூடாது, நிலைமின்னாலை உதிரிற கலரை இழுக்கும்.

பெட்டியை நிலத்திலை வைக்காமல், ஆறங்குலம் உயரத்திலை, சுவரிலை இருந்து நாலங்குலம் தள்ளி. இறாக்கைக் காலைப் பேணிக்குள்ளை விட்டுப் பழைய எஞ்சின் ஒயில் ஊத்துங்கோ. சுவரோடை ஒரு தும்பு முட்டினாலும் கறையானுக்குப் பாதை, அதையும் பாருங்கோ.

நந்திக்கடல்:

இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? எங்கடை ஆக்கள் ஏடும் உறுதியும் வைச்சது வேப்பிலையோடை தானே. ஒரு சிரட்டை அரிசி, ரெண்டு நப்தலீன் உருண்டை போட்டால் முடிஞ்சுது. கிழிஞ்சதை ஒட்டத் துத்தம் போட்ட மாப்பசை, பூச்சியும் அண்டாது.

பாலைமரம்:

அண்ணை, உறுதி எழுதினது நல்ல தடிச்ச கடதாசியிலை. பாட்டுப் புத்தகம் ஆக மலிவான தாள். பச்சை வேப்பிலை தன்ரை ஈரத்தையும் கொண்டுவந்து தாளிலை கறையும் விடும். காஞ்சது பெரிசாக் கெடுதல் இல்லை, பெரிசா உதவியும் இல்லை. அரிசி கொஞ்சம் ஈரம் குடிக்கும், ஆனால் வண்டைக் கூப்பிட்டு விருந்து வைக்கிற வேலை. நப்தலீன் ஆவி பிளாஸ்ரிக்கிலையும் கலரிலையும் படியும். அந்தத் தெளிஞ்ச தாளுகள் இருக்கிற வீட்டிலை நான் போடமாட்டன்.

துத்தத்திலைதான் உண்மையா மாறுபடுறன். சுவரிலை ஒட்டிற பசைக்கு அது சரி, சுவரொட்டி ஒரு மாதம் நிண்டால் காணும். செம்பு உப்பு கடதாசியை அமிலமாக்கி உள்ளுக்காலை அரிக்கும், ஒட்டின இடம் மண்ணிறமாகி உடையும். தனிக் கோதுமை மாவைத் தண்ணியிலை கரைச்சு, மெல்லிய நெருப்பிலை கண்ணாடி மாதிரி வருமட்டும் கிண்டி, ஆறவிட்டு வடிச்ச பசை போதும். கமரா வில்லை துடைக்கிற மெல்லிய தாளைக் கையாலை கிழிச்சு, கிழிசலுக்குப் பின்பக்கம் வைச்சு ஒட்டுங்கோ. கத்தரியாலை வெட்டினால் விளிம்பு அடையாளம் விழும். பசையைப் போஸ்ரர் கலர் இருக்கிற பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், அது பிசினிலை குழைச்ச கலர், ஒரு சொட்டுத் தண்ணிக்கே கரையும். முந்தி ஆரும் தெரியாமல் ஒட்டின செலோரேப்பை உரிக்கவும் வேண்டாம்.

பூச்சி உள்ளுக்கு இருந்தால், பாட்டுப் புத்தகத்தை மட்டும் காத்தெடுத்த பையிலை மூடி, டீப் பிரீசரிலை சய 18 பாகையிலை (பூச்சியத்துக்குக் கீழை 18) ரெண்டு கிழமை வைக்கலாம். வெளியாலை எடுத்து ஒரு நாள் கழிச்சுத்தான் பையைத் திறக்கிறது, இல்லாட்டித் தாளிலை தண்ணி துளிர்க்கும். மட்டையையும் சிலைட்டையும் பிரீசருக்குக் காட்டவேண்டாம், கலர் வெடிக்கும்.

ஒட்டிப்போன புத்தகங்களை முதல் முழுசாக் காயவிடுங்கோ. பிறகு மூலையிலை ஒரு மெல்லிய பொலியெஸ்ரர் கீலத்தை விட்டுப் பாருங்கோ; தானாப் போனால் போகட்டும், தடக்கினால் நிப்பாட்டுங்கோ. பளபளப்பு அட்டை நனைஞ்சு காஞ்சு ஒட்டியிருந்தால், மேலை பூசின களிமண் பூச்சே ஒண்டாகியிருக்கும், அது பிரியாது.

இரணைமடு:

நன்றி அண்ணையள். தாளுகளைப் பாத்தன், மணக்கிறது எல்லாம் இருட்டாத்தான் தெரிஞ்சுது, மற்றது வானவில். மட்டையளிலை வெள்ளைக்கு மேலை கறுப்பு ஏறின இடம் ஒண்டிலையும் இல்லை, ஊசித் துளையும் இல்லை. ஆனால் "லை", "னை" எல்லாம் பழைய தும்பிக்கை எழுத்திலை கிடக்கு. அது 1978க்கு முந்தினது எண்டுதானே அர்த்தம்? சிலைட்டுகளிலை "இன்று முதல்" எண்டும் படப் பேரும் கையாலை எழுதிக் கிடக்கு, அதுகளை என்ன செய்ய?

வெள்ளைத்திரை:

அப்படிச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு அரசு 1978இல் ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அந்த ஆணை இங்கே செல்லாது; இலங்கையில் பழைய வடிவம் பின்னும் நீடித்தது, கையால் எழுதுபவர்கள் இன்னும் தாமதமாகவே விட்டார்கள். ஆகவே புதிய வடிவம் இருந்தால் அது பெரும்பாலும் 1978ஐ அண்டியது அல்லது பிந்தியது என்று சொல்லலாம். பழைய வடிவத்திலிருந்து காலம் சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன மற்ற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் மட்டைகள் உள்ளூர் விளம்பர எழுத்துதான்.

என் கணிப்பில் இந்தக் கட்டுக்குள் பெறுமதி கூடியவை சிலைட்டுகள். மட்டையைச் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள், சிலைட்டை இரும்புக்காரருக்குப் போடுகிறார்கள். படத்தின் பெயரை இந்த மண்ணில், இங்குள்ள தியேட்டருக்கு, இங்குள்ள கை எழுதியது அது. ஒவ்வொன்றும் ஒரே பிரதி. தியேட்டர் பெயர், காட்சி நேரம், நுழைவுச்சீட்டு விலை இருந்தால் காலத்தைக் கிட்டத்தட்டக் கணிக்கலாம். தோட்டக்காரி (1963), குத்துவிளக்கு (1972), வாடைக்காற்று (1978) போன்ற இலங்கைத் தமிழ்ப் படத்தின் பெயர் இருந்தால் அதைத் தனியே எடுத்து முதலில் படம் பிடியுங்கள். 1983 ஆடியில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்ட பிறகு அந்தப் படங்களைப் பற்றிய எந்தத் துண்டுக்கும் தனிக் கணக்கு உண்டு. நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவைப்பது நல்லது.

கனகராயன்:

படம் எடுக்கிறதுக்கு. மட்டையை ஸ்கானரிலை கவிழ்க்கவேண்டாம், மூடி அமத்தினால் கலர் உதிரும். 24 மெகாபிக்சல் கமரா எண்டால் 12 அங்குல மட்டைக்கு அங்குலத்துக்கு 400 புள்ளி மட்டிலை கிடைக்கும், காணும். முக்காலியிலை நேரே கீழை பாக்க வைச்சு, ஐஎஸ்ஓ 100, எப் 8, ரெண்டு செக்கன் ரைமர், றோ பைல். கமராவின்ரை தானியங்கி வெளிச்ச அளவை நம்பினால் கறுப்பைச் சாம்பலாக்கி வெள்ளை எழுத்தை ஊதவைக்கும். வெளிச்சம் அளக்கிற சாம்பல் அட்டையிலை அளந்து, அந்த அளவைக் கையாலை பூட்டுங்கோ. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு ரோச்சோடை ஒண்டு, மூண்டிலையும் அடிமட்டம் தெரியவேணும்.

படம் பிடிக்கிறதைப் பற்றின புத்தகங்களிலை, நேர் வெயில் விழாதெண்டு வடக்கு ஜன்னல் வெளிச்சம் எடுக்கச் சொல்லியிருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. கிளிநொச்சி 9 பாகை அகலக்கோட்டிலை கிடக்கு, சித்திரை (ஏப்ரல்) நடுவிலை இருந்து ஆவணி (ஓகஸ்ற்) கடைசி மட்டும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்காலை போகும். அந்த மாதங்களிலை தெற்கு ஜன்னலோ தெற்கு விறாந்தையோ பாருங்கோ.

சிலைட்டுக்குப் பின்னாலை ரப்லெற் திரையை வெள்ளையாக்கி வைக்கலாம், ஆனால் முட்ட வைக்காமல் ரெண்டு மூண்டு அங்குலம் விலக்கி, இல்லாட்டித் திரையின்ரை புள்ளியும் படத்திலை விழும். ரெண்டு கண்ணாடிக்கு நடுவிலைதான் எழுத்து இருக்கும். வெளிப்பக்கத்தை மட்டும், பிழிஞ்ச ஈரத் துணியாலை, ஓரக் கடதாசியை விட்டு விலத்தித் துடையுங்கோ. உள்ளுக்கை பூஞ்சணம் தெரிஞ்சாலும் பிரிக்கவேண்டாம், அதிலை எழுத்தும் சேந்து வரும். பழைய புரொஜெக்டரிலை போட்டுப் பாக்க ஆசை வரும், அந்தச் சூடு ஒரு நிமிசத்திலை கண்ணாடியை வெடிக்கவைக்கும்.

வைக்கிறது நெட்டுக்குத்தா, ஒண்டுக்கு மேலை ஒண்டு அடுக்காமல், காடி வெட்டின மரப்பெட்டியிலை. கீறல் விழுந்த சிலைட்டு எண்டால் அதே அளவிலை 2 மி.மீ. கண்ணாடி ரெண்டு வெட்டுவிச்சு, விளிம்பை எண்ணெய்க்கல்லிலை தேச்சு, முன்னும் பின்னும் வைச்சு ஓரத்திலை கடதாசி ரேப்பாலை சுத்துங்கோ. கீறலுக்குள்ளை சூப்பர் குளூ விடவேண்டாம், அதின்ரை ஆவி உள்ளுக்குப் போய் வெள்ளையாப் படியும்.